19-ஆம் நாள் நின்றுபோகும் உடற்பயிற்சி: நீங்கள் எப்படித்தான் தொடர்கிறீர்கள்?

வண்ணார்பேட்டைக்காரன் | அக்டோபர் 3

எல்லாருக்கும் வணக்கம். வயது 43. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு வேலை. காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் டீக்கு ஒருதரம், சாப்பாட்டுக்கு ஒருதரம் எழுந்திருப்பேன். செப்டம்பர் மாதம் முழுக்க அதுவும் கிடையாது, டீ மேசைக்கே வந்துவிடும். எடை 84 கிலோ. போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என் தொப்பையைப் பார்த்தார். “இன்னும் வாசல்லதான் நிக்கு. உள்ள விட்டுராதீங்க, நடங்க” என்றார். மாத்திரை எழுதவில்லை.

நடப்பது எனக்குப் புதிதில்லை. ஆரம்பித்து நிறுத்துவதில் நல்ல அனுபவம் உண்டு. இரண்டு வருடம் முன்னால் ஜனவரி 1 அன்று ஜிம்மில் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். 19 நாள் போனேன். அந்த அட்டை இன்னும் பர்ஸில் இருக்கிறது, 19 கட்டத்தில் கையெழுத்து, மிச்சமெல்லாம் வெள்ளை. அடுத்து நாலாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கி வ.உ.சி. மைதானத்தில் நடந்தேன். இப்போது அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறேன். மாடியில் கிடக்கும் சைக்கிளில் வீட்டுக்காரி துண்டு காயப்போடுகிறாள்.

ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான். முதல் வாரம் வேகம், இரண்டாம் வாரம் கால்வலி, மூன்றாம் வாரம் எங்காவது ஒரு கல்யாணம் அல்லது துட்டி (சாவு). நாலு நாள் விட்டுப்போகும். அப்புறம் திரும்பப் போவதற்கே கூச்சமாகிவிடும், அத்தோடு சரி.

தொடர்ந்து செய்கிறவர்கள் சொல்லுங்கள், என்ன பண்ணுகிறீர்கள்? ‘மனசு வேணும்’ என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை வீட்டிலேயே தினமும் சொல்லுதாவ.


ரதவீதி | அக்டோபர் 3

முதலில் ராத்திரிப் புரோட்டாவை நிறுத்துங்க அண்ணாச்சி. மற்றதெல்லாம் தானாக வரும்.


வண்ணார்பேட்டைக்காரன் | அக்டோபர் 3

அதற்குத் தனி இழை தொடங்க வேண்டியிருக்கும். இதைவிடக் கஷ்டம் அது.


பழைய கண்டக்டர் | அக்டோபர் 4

தம்பி, எனக்கு 64 வயது. 31 வருடம் பஸ்ஸில் நின்றவன். திருநெல்வேலி – பாபநாசம், திருநெல்வேலி – திருச்செந்தூர் என்று எல்லா ரூட்டும் பார்த்தாச்சு. தோளில் பை, விரலிடுக்கில் நோட்டு, கூட்டத்தில் முன்னும் பின்னும் போய் வந்துகொண்டே இருந்ததில் தொப்பை என்று ஒன்று எனக்கு இருந்ததில்லை. ஓய்வு பெற்று ஒன்றரை வருடத்தில் 9 கிலோ ஏறிவிட்டது. வீட்டில் நாற்காலி, டி.வி., மத்தியானத் தூக்கம். வேறென்ன நடக்கும்?

நானும் காலையில் ‘வாக்கிங்’ என்று கிளம்பிப் பார்த்தேன். ஒரு சோலியும் இல்லாமல் சும்மா நடந்துவிட்டு வருவது எனக்கு ஒத்துவரவே இல்லை. பைத்தியக்காரன் மாதிரி இருந்தது. பத்து நாளில் விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒன்று செய்தேன். பால் வாங்குவது என் பொறுப்பு. தெருமுனைக் கடையில்தான் வாங்குவேன். அதை விட்டுவிட்டுப் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம் ஆகிற ஒரு பூத்துக்கு மாறிவிட்டேன். வீட்டில் வேறு பால் கிடையாது. ஐந்தே முக்காலுக்கு நான் கிளம்பவில்லை என்றால் ஆறரைக்குக் காப்பி கிடையாது. வீட்டுக்காரி அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இதில் மனசு எங்கே வந்தது? நாலு வருடமாக நடக்கிறேன். காய்ச்சல் நாள் தவிர நின்றதில்லை.

நடையை ஒரு சோலியோடு கட்டிப்போடுங்க தம்பி. தனியாக விட்டால் அது ஓடிப்போகும்.


பாளை மருந்துக்கடை | அக்டோபர் 4

கண்டக்டர் அண்ணாச்சி எழுதியதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. உடற்பயிற்சியும் இதயமும் பற்றிய ஆராய்ச்சியே ஒரு கண்டக்டர் கதையில்தான் தொடங்கியது. லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் அந்த ஊர் மாடி பஸ்களில் வேலை பார்த்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. இது 1953-ல் வெளிவந்தது.

எனக்குப் பிடித்தது அடுத்து வந்ததுதான். ஓட்டுநர் வேலைக்குப் போகிறவர்கள் முதலிலிருந்தே குண்டானவர்களாக இருந்தால் என்ன செய்வது? அவரும் அவர் கூட்டாளிகளும் தையல்காரர்கள் சீருடைக்கு எடுத்த இடுப்பளவுகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். ஆமாம், ஓட்டுநர்களுக்கு ஆரம்பத்திலேயே இடுப்பு கொஞ்சம் பெரிது. தன் ஆராய்ச்சியில் எங்கே ஓட்டை என்று அவரே போய்த் தேடினார். அதன் பிறகும் மற்ற வேலைக்காரர்களிடம் வருடக்கணக்காகப் பார்த்து, அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உறுதி செய்தார்கள்.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி, நீங்க ஓட்டுநர் சீட்டில் இருக்கிறீர்கள்.


அம்பை அக்கா | அக்டோபர் 5

ஆண்கள் பால் வாங்கப் போகலாம், பேப்பர் வாங்கப் போகலாம். எங்கள் பாட்டைக் கேளுங்கள். காலையில் கொஞ்சம் வேகமாக நடந்தால் போதும், திண்ணைக்குத் திண்ணை ஒரு கேள்வி. “என்ன மைனி, இம்புட்டு வேகமாப் போறீய, ஆஸ்பத்திரியில யாரும் கெடக்காவளா?” பதில் சொல்லி முடிப்பதற்குள் வேர்வை காய்ந்துவிடும். நின்று பேசாவிட்டால் அதுக்கும் ஒரு பேச்சு.

அதனால் வீட்டுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். எங்கள் வீட்டில் காலையில் இட்லி இரண்டு ஈடு. ஒரு ஈடு வேகப் பத்து நிமிடம். முன்பெல்லாம் அந்தப் பத்து நிமிடம் போனை நோண்டுவேன். இப்போது முதல் ஈடு வேகும்வரை காலுக்கு. சாப்பாட்டு மேசை நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, பத்து தடவை, மூச்சு வாங்கிவிட்டு இன்னும் பத்து. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. இரண்டாம் ஈட்டுக்குக் கை. பிரிட்ஜ் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சாய்ந்து தண்டால். தரையில் தண்டால் எடுக்க எனக்கு இன்னும் வராது, சுவரில் 15 வரும். ஆரம்பத்தில் நாலுதான் வந்தது.

சாயங்காலம் மொட்டை மாடி. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு 14 காலடி. ரேடியோவில் நாலு பாட்டு முடியும்வரை நடப்பேன். இப்போது பக்கத்து வீட்டு இரண்டு பேரும் சேர்ந்துகொண்டதால் மூவருமாக வாய்க்கால் கரைக்கே போகிறோம். மூன்று பேராகப் போனால் யாரும் கேட்பதில்லை என்பது ஓர் அதிசயம்.


ரதவீதி | அக்டோபர் 5

எங்க ஆச்சி ஜிம்முக்கும் போகவில்லை, மொட்டை மாடியிலும் நடக்கவில்லை. 90 வயது வரை இருந்தாள். வீட்டு வேலையே பொம்பளைகளுக்குப் போதுமான உடற்பயிற்சி.


அம்பை அக்கா | அக்டோபர் 5

உங்கள் ஆச்சி கிணற்றில் தண்ணீர் இறைத்தாள், ஆட்டுரலில் மாவாட்டினாள், ஆற்றில் துணி துவைத்துச் சுமந்துகொண்டு வந்தாள். நான் மூன்று சுவிட்சைத் தட்டுகிறேன். இரண்டும் ஒரே வேலையா தம்பி? நீங்கள் ஒருநாள் ஒரு படி அரிசியை ஆட்டுரலில் ஆட்டிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.


முக்கூடல் பையன் | அக்டோபர் 6

எங்க அம்மாவுக்கு வேலை குறைவே இல்லை, ஆனால் அசைவு கிடையாது. பீடி சுற்றுகிறாள். காலையில் மடியில் சொளவை (முறத்தை) வைத்துச் சுவரில் சாய்ந்தால் மத்தியானம் வரை விரல் மட்டும்தான் ஓடும். கழுத்து குனிந்தே இருக்கும். நாற்பது வயதிலேயே எழுந்திருக்கும்போது ‘அம்மாடி’ என்று கையை ஊன்ற ஆரம்பித்துவிட்டாள். நடக்கச் சொன்னால், “நடந்தா ஆயிரத்துக்கு எவன் சுத்துவான்?” என்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் சம்மதித்தாள். நூறு பீடிக்கு ஒருதரம் சொளவை இறக்கி வைத்துவிட்டு வாசல் வரை போய்விட்டு வருவது. தண்ணீர்க் குடத்தையும் கைக்கு எட்டாத மூலையில் வைத்துவிட்டேன். நாலு மாதம் ஆகிறது. கழுத்துவலி போகவில்லை, ஆனால் எழுந்திருக்கும்போது அந்தச் சத்தம் குறைந்திருக்கிறது.


டவுன் வாட்ச் | அக்டோபர் 6

கைக்கடிகாரத்தில் தினமும் 10,000 காலடி என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் பிரயோஜனம் இல்லை. எனக்குத் தினமும் 6,000-தான் வருகிறது, மனசு விட்டுப்போகிறது.


பாளை மருந்துக்கடை | அக்டோபர் 6

அந்த 10,000 மருத்துவக் கணக்கு அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள்படும். கேட்க நன்றாக இருந்ததால் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. 6,000 நடக்கிறவர் 7,000 நடந்தால் அது லாபம். கடிகாரம் உங்களைத் திட்டுவதாக இருந்தால் கழற்றி வையுங்கள்.


பிசியோ தச்சநல்லூர் | அக்டோபர் 7

நான் பிசியோதெரபிஸ்ட். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகத்தில் அசைவு. ஓட்டம் மாதிரி கடினமானது என்றால் 75 முதல் 150. இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு கொடுக்கிற பயிற்சி. முன்பு ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே அம்பை அக்காவின் இட்லி ஈடும் கணக்கில் சேரும். முக்கூடல் அம்மாவின் வாசல் நடையும் சேரும், சும்மா இருப்பதைவிடக் கொஞ்சம் அசைவது நல்லது என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது.

நடுத்தர வேகம் என்றால் என்ன? நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம். பேசவே மூச்சு முட்டினால் குறைக்க வேண்டும். இதற்குக் கருவி ஒன்றும் தேவையில்லை.

நம் ஆட்கள் நடப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், தசையை விட்டுவிடுகிறார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு அது ரொம்ப முக்கியம். சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். அதிலும் வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது அதனால்தான் பலன் தருகிறது.

கால்வலி பற்றி: புதிதாகச் செய்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் வலி உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கிவிடும். தொடை முழுக்கப் பரவலாக வலித்தால் பயப்பட ஒன்றுமில்லை. மூட்டில் ஓர் இடத்தில் குத்தினாலோ வீங்கினாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும், டாக்டரைப் பார்க்கும்வரை திரும்பத் தொடங்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் நடக்கப் போய்ச் சர்க்கரை தாழ்ந்து மயங்கியதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று டாக்டரிடம் கேளுங்கள், சட்டைப்பையில் நாலு மிட்டாய் வையுங்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

வண்ணார்பேட்டை சாருக்கு ஒரு யோசனை. முதல் இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம் மட்டும் நடங்கள். அதற்கு மேல் முடிந்தாலும் நடக்காதீர்கள். முதல் வாரம் ஒன்றரை மணி நேரம் நடக்கிறவர்கள்தான் மூன்றாம் வாரம் காணாமல் போகிறார்கள்.


வண்ணார்பேட்டைக்காரன் | அக்டோபர் 21

எல்லாருக்கும் நன்றி. இப்போது என் சோலி என்ன தெரியுமா? வீட்டுக்குப் போடுகிற பேப்பரை நிறுத்திவிட்டேன். அப்பாவுக்கு 76 வயது, ஆறு மணிக்குப் பேப்பர் கையில் இல்லையென்றால் வீட்டில் கலவரம்தான். முதல் பத்து நாள் பக்கத்துக் கடையில் வாங்கினேன், பிசியோ சார் சொன்ன பத்து நிமிடம். இப்போது சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் பக்கம் போய் வாங்குகிறேன்.

1843-ல் ஒரு மனிதர் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலம். இத்தனை வருடம் அதன் மேல் பைக்கில்தான் போயிருக்கிறேன். நடக்கும்போதுதான் கீழே ஆறு இருப்பதே தெரிகிறது. விடிகிற நேரத்தில் ஒரு காற்று வருகிறது பாருங்கள், ஏ.சி. தோற்றது.

ஒரு சந்தேகம். எங்கள் தெரு நாய்கள் நாலு தினமும் என்னை வழியனுப்ப வருகின்றன. என்ன செய்ய?


பழைய கண்டக்டர் | அக்டோபர் 21

ஓடாதீங்க தம்பி, ஓடினால்தான் துரத்தும். கண்ணைப் பார்க்காமல் அதே வேகத்தில் போங்க. தினமும் ஒரே நேரத்தில் ஒரே சட்டையில் போனால் பத்து நாளில் அதுகளுக்கு நீங்க பழக்கமாகிவிடுவீங்க. தப்பித் தவறிக் கடித்தால், கீறினால்கூட, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஊசிக்குப் போய்விட வேண்டும். மஞ்சள் வைப்பது, சுண்ணாம்பு வைப்பது எல்லாம் கூடாது.


வண்ணார்பேட்டைக்காரன் | நவம்பர் 18

எழுதவே கூச்சமாக இருக்கிறது. சேரன்மகாதேவியில் பெரியம்மா தவறிவிட்டாள், மூன்று நாள் அங்கே இருந்தோம். வந்ததும் அடைமழை. அப்பாவுக்குப் பக்கத்துக் கடையிலேயே பேப்பர் வாங்கிக்கொடுத்தேன். ஆக ஒன்பது நாள் போச்சு. நேற்று ஐந்தரைக்கு விழித்துப் படுக்கையில் கிடந்தேன். பழைய ஜிம் அட்டைதான் கண்ணில் வந்தது.


பழைய கண்டக்டர் | நவம்பர் 18

பெரியம்மா போனதற்கு வருத்தம் தம்பி. மற்றதற்கு ஒன்று சொல்லுதேன். வண்டி பிரேக்டவுன் ஆகி டிப்போவில் ஒன்பது நாள் நிற்பது உண்டு. சரியானதும் பத்தாவது நாள் அதே ட்ரிப், அதே நேரம். ஒன்பது நாள் நின்றதே என்று ரூட்டையே ரத்து செய்தவர்களை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.


பாளை மருந்துக்கடை | நவம்பர் 18

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து ஒரு புதுப்பழக்கம் எத்தனை நாளில் தானாக வருகிறது என்று பார்த்தார்கள், 2010-ல் அச்சில் வந்தது. நடு அளவாக 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை. தண்ணீர் குடிப்பது மாதிரி சின்னப் பழக்கம் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு நாள் கூட ஆனது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் வரவில்லை. உங்களுடையது ஒன்பது நாள், அது வேறுதான். ஆனால் 19-ஆம் நாளில் எப்படி எல்லாம் கைகூடியிருக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்?


வண்ணார்பேட்டைக்காரன் | நவம்பர் 19

இன்று போனேன். தூறல்தான். குடையோடு போனேன்.


வண்ணார்பேட்டைக்காரன் | ஜனவரி 11

மூன்று மாதம் தாண்டிவிட்டது. தினமும் 35 நிமிட நடை, வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியும் சுவரும். எடை போட்டுப் பார்த்தேன்: 82.8. இவ்வளவு பாடுபட்டு ஒரு கிலோ சில்லறை. வயிறு எரிகிறது.


பிசியோ தச்சநல்லூர் | ஜனவரி 11

சாப்பாட்டை மாற்றாமல் நடையை மட்டும் வைத்து எடை இறங்குவது மெதுவாகத்தான் இருக்கும். அரை மணி நடையில் செலவாகிற சக்தியை ஒரு புரோட்டா திருப்பிக் கொடுத்துவிடும், ரதவீதி சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. தராசை விடுங்கள். ஆபீஸ் மாடிப்படி எப்படி இருக்கிறது? பெல்ட்டில் எந்த ஓட்டை? தூக்கம்? சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பாருங்கள், எடை அசையாவிட்டாலும் அவை இறங்குவது உண்டு.


வண்ணார்பேட்டைக்காரன் | ஜனவரி 25

பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே வந்திருக்கிறது. மாடிப்படியில் போன் பேசிக்கொண்டே ஏறுகிறேன், அதை நானே கவனிக்கவில்லை, ஆபீஸ் பையன் சொன்னான். சர்க்கரை 5.9. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “வாசலவிட்டு இன்னும் போகல” என்றார். ஆனால் சிரித்தார்.

புது விஷயம் ஒன்று. பொங்கல் முடிந்த வாரத்தில் ஒருநாள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “தெனமும் பேப்பரு கசங்கி வருது. நானும் வாரேன், அங்கனயே படிச்சிருதேன்” என்றார். அவர் நடை பைய நடை. அவரோடு போனால் பாட்டு மட்டுமில்லை, கச்சேரியே பண்ணலாம். இது என் கணக்கில் சேருமா பிசியோ சார்?


பிசியோ தச்சநல்லூர் | ஜனவரி 25

அவர் கணக்கில் சேரும். உங்களுக்குப் போதாது. அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு நீங்கள் பாலத்தில் வேகமாக இரண்டு நடை போய் வாருங்கள்.


வண்ணார்பேட்டைக்காரன் | பிப்ரவரி 2

அப்படித்தான் நடக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் சீனி போடாத டீயோடு அவரை உட்கார வைக்கிறேன். நான் இரண்டாவது நடை முடித்து வரும்போது அவர் கடைசிப் பக்கத்தில் இருப்பார். இன்றைக்கு நான் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டேன் போல. தலையைத் தூக்காமலே, “இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு, போயிட்டு வா” என்றார்.


ரதவீதி | பிப்ரவரி 2

அண்ணாச்சி, புரோட்டா இழை எப்போ?